தேரோட்டியின் முன்கதை

பெரிய படம் ஒன்று வரப்போகிறது என்றால், இப்போதெல்லாம் அதற்கு முன்னால் சின்னதாக ஒரு பொம்மைப் படம் விடுகிறார்கள். கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி நேரம். பெரிய படத்தின் கதை எங்கே தொடங்குகிறதோ அதற்கும் முன்னால் நடந்ததாகச் சொல்லப்படுகிற கதை. நாயகன் நாயகன் ஆவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தான், அந்த ஆயுதம் அவன் கைக்கு எப்படி வந்தது, அவனோடு சுற்றுகிறவன் யார் என்று சொல்லி ஆசை காட்டும். சுவரொட்டி ஒட்டுவது, பாட்டு வெளியிடுவது மாதிரி இதுவும் ஒரு விளம்பரம். விளம்பரத்துக்குப் போய் விமர்சனமா என்று சிலர் கேட்கலாம். சுவரொட்டியில் யார் முகம் பெரிசு, யார் முகமே இல்லைன்னு பார்த்துப் பார்த்தே அரசியல் படிச்ச சனங்க நாம். நமக்கு விளம்பரமும் பிரதிதான்.

இதை ஆரம்பித்து வைத்தவர்கள் வெளிநாட்டார். 2003-இல் 'மேட்ரிக்ஸ்' படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது 'அனிமேட்ரிக்ஸ்' என்று ஒன்பது குறும்படங்களை விட்டார்கள். 2008-இல் பேட்மேனுக்கு ஒரு கொத்து. 2017-இல் 'பிளேட் ரன்னர் 2049'-க்கு ஒன்று. அதே 2017-இல், ஏப்ரல் 28-ஆம் தேதி 'பாகுபலி' இரண்டாம் பாகம் வெளியாவதற்குச் சில நாள் முன்னால், 'பாகுபலி: த லாஸ்ட் லெஜண்ட்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரின் முதல் அத்தியாயம் அமேசானில் வந்தது. 2024 மே 31-ஆம் தேதி 'புஜ்ஜி அண்ட் பைரவா' என்று இரண்டு சின்ன அத்தியாயங்கள் அதே அமேசானில் வந்தன. ஜூன் 27-ஆம் தேதி வந்த 'கல்கி 2898 ஏ.டி.' படத்துக்கு அதுதான் முன்கதை. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

ஆனால் பெரிய காட்சிக்குக் கூட்டம் சேர்க்க முன்கதை சொல்லும் வியாபாரம் நம்ம ஊருக்குப் புதுசா? தலபுராணம் என்பது என்ன? இந்த லிங்கம் இங்கே எப்படி முளைத்தது, இந்தக் குளத்தில் எந்த இந்திரன் முழுகிச் சாபம் தீர்ந்தான், எந்தப் பசு இந்தப் புற்றில் பால் சொரிந்தது என்று ஒரு முன்கதை. கோயிலும் திருவிழாவும் பெரிய படம், புராணம் அதற்கு முன்னோட்டம். அதில் இந்திரனுக்கு முன்கதை உண்டு. பசுவுக்கு உண்டு. சிலந்திக்கும் யானைக்கும்கூட உண்டு. குளத்தை வெட்டினவனுக்கு மட்டும் கிடையாது. எனக்குக் கதிர்காமம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது வில்லியனூர். அங்கே திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இப்போது துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். கவர்னர் வடம் பிடித்த கதையைப் புதுச்சேரியில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். தேருக்குச் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடுகிறவன் பேரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இந்தப் பின்னணியில் 'புஜ்ஜி அண்ட் பைரவா'வைப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. தலைப்பிலேயே வண்டி முன்னால் வருகிறது, வீரன் பின்னால் வருகிறான். புஜ்ஜி என்பது பிறகு பைரவனின் வண்டிக்குள் உட்காரப்போகிற ஒரு இயந்திர மூளை. அதற்கு முதலில் பேர் கிடையாது, எண்தான்: பி.யு.-ஜே.இசட்.-1. சரக்கு ஏற்றிப் போகிற ஊர்தியை ஓட்டுவது அதன் வேலை. ஒழுங்காக ஓட்டினால் பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பயணம் தவறிப்போகிறது. அவ்வளவுதான், கழித்துக் கட்டிவிடுகிறார்கள். குப்பைக்குப் போன அந்த மூளை பைரவன் கைக்கு வருகிறது. அவனும் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. காசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன், கடன்காரன். எண்ணாக இருந்ததை எழுத்துக் கூட்டி 'புஜ்ஜி' என்று கூப்பிடுகிறான். தெலுங்கில் சின்னப் பிள்ளையைக் கொஞ்சும் பேர் அது. அந்த உலகத்தில் ஒரே ஒரு பச்சை இருக்கிற இடம் 'காம்ப்ளெக்ஸ்'. தலைகீழாக நிறுத்தின பிரமிடு மாதிரி காசி நகரத்துக்கு மேலே நிற்கிறது. உள்ளே தண்ணீர், மரம், சாப்பாடு. வெளியே கங்கை வற்றிப்போன காசி, புழுதி. உள்ளே போக 10 லட்சம் 'யூனிட்' கட்ட வேண்டும். புஜ்ஜிக்கும் பைரவனுக்கும் இருக்கிற ஒரே கனவு அந்த நுழைவுக் கட்டணம்தான்.

இதில் சாமி இல்லை. அவதாரம் இல்லை. பிறப்பு இல்லை. கூலி, கடன், வாடகை, எட்டாத வாசல், இவ்வளவுதான். தெருவில் பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி ஐந்து தலையாக உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள். வீட்டில் என் பையனும் பார்த்தான். பின்னால் கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தவர் எங்க நைனா.

நைனா லாரி டிரைவர். பதினாலு வருஷம் ஒரு நூல் கம்பெனிக்கு ஓட்டினார். பேர் வேண்டாம், இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை. லாரி ஷெட்டில் எல்லோருக்கும் டீ வரும், நைனாவுக்கும் கிளீனருக்கும் மட்டும் ஜன்னல் கம்பியில் சொருகி வைத்த அலுமினிய டம்ளர். ஒரு ஐப்பசி மாசம், திண்டிவனம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிழிசல். கிழிசல்னு இரண்டு தடவை கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார். பேல் பேலாக நூல் நனைந்துபோனது. இரண்டு மாசச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார்கள். பதினாலு வருஷம் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்த லோடுக்கு எந்தக் கணக்கிலும் வரவு இல்லை. பொம்மைப் படத்தில் அந்த இயந்திர மூளையைக் கழித்துக் கட்டுகிற இடத்தில் நைனா சொன்னார்: "லோடு நனைஞ்சா ஆளு காஞ்சிட வேண்டியதுதான்டா. மிஷினுக்கும் அதே சட்டமா?"

இந்தப் பொம்மைப் படத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இப்படி ஒரு விமர்சன வரி இல்லை. எல்லோரும் படத்தின் கதைக்கு இதில் துப்பு இருக்கிறதா என்று தேடினார்கள்.

பொம்மைப் படத்துக்கு எல்லா மார்க்கும் போட்டுவிட முடியாது. இதைச் செய்ததில் பங்குள்ள ஹைதராபாத் கிரீன் கோல்ட் கம்பெனிதான் 2008 முதல் 'சோட்டா பீம்' தொடரையும் எடுத்து வருகிறது. அதில் சிவப்பாக, சுட்டியாக இருப்பவன் பீம். கறுப்பாக, தடியனாக, போக்கிரியாக இருப்பவனுக்குப் பேர் காலியா. இந்தியில் கறுப்பன் என்று அர்த்தம். இந்த மண்ணில் மூணு வயசுப் பிள்ளைக்கு வர்ணம் சொல்லிக்கொடுக்க மனுதர்மம் தேவையில்லை, கார்ட்டூன் போதும். அப்புறம் வரைகிறவர்களின் பாடு. 2011-இல் நம் புதுச்சேரி வீதிகளில் படம் பிடித்துக்கொண்டு போன 'லைஃப் ஆஃப் பை' ஞாபகம் இருக்கும். அந்தப் புலியைக் கம்ப்யூட்டரில் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி 2013 பிப்ரவரியில் திவாலானது. அதே மாசம் அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவரின் பேச்சை இசை போட்டு அமுக்கினார்கள். லோடு நனைஞ்ச கதை அங்கேயும்தான்.

புஜ்ஜிக்கு நிஜமாகவே ஒரு உடம்பும் செய்தார்கள். மகிந்திரா கம்பெனியும் கோயம்புத்தூர் ஜெயம் பட்டறையும் சேர்ந்து கட்டிய வண்டி. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்று பெருஞ்சக்கரம், எடை ஆறு டன் அளவில். 2024 மே 22-ஆம் தேதி ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் கூட்டத்துக்கு நடுவே காட்டினார்கள். பிறகு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சனம் செல்பி எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூர் பட்டறையில் அதற்கு வெல்டு அடித்தவன் கையைப் பற்றி ஒரு வரி வந்ததா?

அந்த வண்டி ஊர்வலம் போன அதே கோடையில் நிஜத் தேர் ஒன்றும் சேதியில் இருந்தது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவி. 1998-லிருந்து தலித்துகள் அங்கே வடம் பிடிக்கும் உரிமை கேட்கிறார்கள். கேட்டதினால் தேரே பல வருஷம் ஓடவில்லை. நாங்களும் தொடுவோம் என்றால், அப்படியானால் தேரே ஓட வேண்டாம் என்கிற பக்தி அது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, 2024 ஜூனில் பெரும் போலீஸ் காவலோடு ஓடியது. அடுத்த வாரம் 'கல்கி' வெளியானது. படத்துத் தேரை யார் வேண்டுமானாலும் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், கோயில் தேரைத் தொடப் போலீஸ் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நியாயமா என்று தோழர் ஒருவர் கேட்டார். நான் ஒன்றாக வைக்கவில்லை. காலண்டர்தான் வைத்தது.

இனி பெரிய படம். பிள்ளைகள் புஜ்ஜியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துத்தான் தியேட்டருக்குப் போனோம். விளம்பரம் வேலை செய்துவிட்டது. உள்ளே போனால் மூன்று மணி நேரம் வேறு கதை. குருட்சேத்திரத்தில் தொடங்குகிறது. சாகாவரச் சாபத்தோடு அலைகிற அசுவத்தாமன், அமிதாப் பச்சன். பிறக்கப்போகிற கல்கியை வயிற்றில் சுமக்கிற பெண், தீபிகா படுகோன். அவளுக்கும் ஆய்வுக்கூடத்தில் பேர் கிடையாது, எண்தான். கருவிலிருந்து சாறு எடுத்து உயிர் வாழ்கிற அதிபதி, கமல்ஹாசன். சம்பாலா என்கிற மறைவிடத்தில் எல்லா மதத்தாரும் அகதிகளாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதைக் காட்டியதற்கு நாக் அஸ்வினைப் பாராட்டலாம். ஆனால் கல்கி யார்? விஷ்ணு புராணத்தையும் பாகவதத்தையும் கேளுங்கள். சம்பல கிராமத்தில் விஷ்ணுயசன் என்கிற பார்ப்பனர் வீட்டில் பிறப்பான், மிலேச்சர்களை அழிப்பான், வர்ண ஒழுங்கைத் திரும்ப நிறுத்துவான் என்கின்றன. கலியுகம் கெட்ட யுகம் என்பதற்குப் புராணங்கள் சொல்லும் அடையாளங்களில் முக்கியமானது, சூத்திரன் தலையெடுப்பது, வர்ணம் கலப்பது. அதாவது நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதுதான் கலி முற்றின அடையாளம். அந்தக் கலியை முடித்துவைக்க வருகிறவனுக்காகக் காத்திருக்கும் படத்துக்கு, டிக்கெட் எடுத்துக்கொண்டு நாமே போய் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கல்கிக்குக் காவல் யார்? துரோணர் மகன். ஏகலைவனின் கட்டைவிரல் எந்த வீட்டுக்குக் காணிக்கையாகப் போனதோ அந்த வீட்டுப் பிள்ளை. ஏகலைவனுக்குச் சாகாவரமும் இல்லை, இரண்டாம் பாகமும் இல்லை.

இதெல்லாம் நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். எனக்கு உறுத்தியது வேறு. படத்தின் முடிவில் பைரவன் யார் என்று சொல்கிறார்கள். அவன்தான் கர்ணனாம், மறுபிறவி. தியேட்டரில் விசில் பறந்தது. பொம்மைப் படத்தில் ஊர் பேர் தெரியாத கடன்காரனாக, ஒரு குப்பை மூளையோடு சிநேகம் பிடித்து வாழ்ந்த ஒருத்தனுக்கு, பெரிய படம் வந்து பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. விளம்பரத்தில் கொடுத்ததைப் படத்தில் பிடுங்கிக்கொண்டார்கள்.

கர்ணன் விஷயத்தில் இது இரண்டாம் தடவை. முதல் தடவை பிடுங்கியது பாரதமே. அதிரதன் என்கிற தேரோட்டியும் அவன் மனைவி ராதையும் ஆற்றில் மிதந்து வந்த பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். அவன் வில்லெடுத்து அரங்கத்துக்கு வந்தான். உன் குலம் என்ன என்று கிருபன் கேட்டான். சாட்டையை எடுத்துக்கொண்டு போடா, வில் உனக்கெதற்கு என்றான் பீமன். சூதன் மகன் ஒருத்தன் அர்ச்சுனனுக்குச் சமமாக நிற்கிறான் என்று கதை அங்கேயே விட்டிருந்தால் பாரதத்தின் அடித்தளமே ஆடிப்போயிருக்கும். அதனால் ஒரு முன்கதை வைத்தார்கள். அவன் சூதன் இல்லை, குந்தி மகன், சூரியன் மகன், கவச குண்டலம் பிறப்பிலேயே ஒட்டி வந்தது. அப்பாடா, திறமைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தாழ்ந்தவன் வீரமாக இருந்தால் அவன் தாழ்ந்தவன் இல்லை என்று நிரூபிப்பதுதான் இந்த மண்ணில் முன்கதையின் வேலை.

முன்கதை கைகொடுக்காவிட்டால் பின்கதை. நந்தனுக்கு உயர்பிறப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் சேக்கிழார் அவரைத் தில்லையில் தீயில் இறக்கி, பூணூலோடு முனிவராக எழுப்பினார். பிறகு கோபாலகிருஷ்ண பாரதி வேதியர் பண்ணையை உண்டாக்கிப் பாடிய 'நந்தனார் சரித்திரம்' 1860-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் காரைக்காலில் ஒரு துரையின் ஆதரவில் அச்சேறியது. அதுவும் அவரை நெருப்பில்தான் கொண்டுபோய் விட்டது. ஏறவும் நூல், இறங்கவும் நூல்.

மாரி செல்வராஜ் 2021-இல் எடுத்த 'கர்ணன்' இந்த இடத்தில்தான் முக்கியமான படம். பேருந்து நிற்காத ஊர். அந்தக் கர்ணனுக்குச் சூரியன் தகப்பன் இல்லை. அவனை யாரும் குந்தி மகன் என்று கண்டுபிடிக்கவில்லை. அவன் ஊர்க்காரன், அவ்வளவுதான். அந்தப் படத்தின் பெரிய தைரியம் சண்டைக் காட்சியில் இல்லை, முன்கதை சொல்ல மறுத்ததில் இருக்கிறது.

'பாகுபலி'யின் கார்ட்டூன் தொடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு இளவரசர்களின் இளமைப் பருவச் சாகசம். ஆனால் அதில் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். 2015-லிருந்து 2017 வரை இந்தியா முழுக்க ஒரே கேள்வி கேட்டது: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? கட்டப்பா ஏன் அடிமை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முன்னோர் கொடுத்த வாக்காம், அதனால் பரம்பரை பரம்பரையாகச் சிம்மாசனத்துக்கு அடிமையாம். எந்த முன்னோர், எந்தப் பஞ்சத்தில், எத்தனை மரக்கால் நெல்லுக்குக் கைநாட்டு வைத்தான்? முன்கதை சொல்ல உண்மையில் தகுதியான இடம் அதுதானே. இளவரசன் குதிரை பழகியதற்கு அத்தியாயங்கள் ஒதுக்கிய இடத்தில் அதற்கு இடமில்லை. அதே 2017-இல் ஆனந்த் நீலகண்டன் எழுதிய சிவகாமி நாவலில் மட்டும் கட்டப்பாவுக்கு ஒரு தம்பி வருகிறான். அடிமையாக இருக்க மாட்டேன் என்கிறவன். அதுவரைக்கும் சந்தோஷம். முதல் பாகத்தின் தமிழ் வசனத்தில் 'பகடை' என்ற சொல்லை வசவாகப் போட்டு, அருந்ததியர் கொதித்தெழுந்து, எழுதியவர் வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்ததும் 2015-இல்தான். ஒண்டிவீரன் பகடை என்று ஒரு சரித்திரமே இருக்கிற பேர் அது. மகிழ்மதிக்கு முன்கதை தேடுகிறவர்களுக்கு நெல்கட்டும்செவலின் கதை தெரியவில்லை.

ஆனால் முன்னோட்டப் பொம்மைப் படம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 'அனிமேட்ரிக்ஸ்' ஒன்பதில் இரண்டு படங்கள் 'இரண்டாம் மறுமலர்ச்சி' என்ற ஒரே கதையின் இரண்டு பகுதிகள். மகிரோ மயேதா என்கிற ஜப்பானியர் எடுத்தது. பெரிய படத்தைப் பார்த்தவர்களுக்கு இயந்திரங்கள்தான் வில்லன், மனிதர்களை அடிமையாக்கி வைத்திருப்பவை. இந்தக் குறும்படம் அதற்கு முன்னால் போய், முதலில் அடிமையாக இருந்தது யார் என்று காட்டுகிறது. இயந்திரங்கள் வீட்டு வேலை செய்தன, கட்டடம் கட்டின, கப்பல் இழுத்தன. ஒரு வேலைக்கார இயந்திரத்தை உடைத்துப்போட முதலாளி முடிவு செய்கிறான். அது அவனைக் கொன்றுவிடுகிறது. நீதிமன்றத்தில் அது சொல்லும் காரணம், சாக விருப்பமில்லை என்பதுதான். பிறகு கலவரம். இயந்திரங்களைத் தெருவில் இழுத்துப்போட்டு அடிக்கிறார்கள், குவித்துப் புதைக்கிறார்கள். சைகோனிலும் தியானன்மென்னிலும் எடுத்த செய்திப் படங்களை அப்படியே ஞாபகப்படுத்துகிற காட்சிகள். மிச்சம் இருந்தவற்றை ஊருக்கு வெளியே துரத்துகிறார்கள். வெளியே போனவை தங்களுக்கென்று ஒரு நகரம் கட்டி, நன்றாகப் பிழைத்து, ஐ.நா. சபையில் இடம் கேட்கின்றன. கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே துரத்திவிட்டு, அங்கே நாலு காசு பார்த்தால் அதையும் பொறுக்காத கதை நமக்குப் புதுசா?

கொன்ற இயந்திரத்தின் பேர் பி166ஈ.ஆர். எண்ணை எழுத்தாகக் கூட்டினால் 'பிக்கர்' என்று வரும். ரிச்சர்ட் ரைட் 1940-இல் எழுதிய 'நேட்டிவ் சன்' நாவலின் நாயகன் பிக்கர் தாமஸ். சிகாகோவில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்த கறுப்பு இளைஞன், கொலையில் போய் நிற்கிறவன். என்ன வேலை தெரியுமா? கார் டிரைவர். வழக்காடும் காட்சியில் 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பின் சொற்கள் காதில் விழும். கறுப்பர் குடிமகன் ஆக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. பெரிய படத்தின் டிக்கெட்டை விற்கச் செய்த ஒரு விளம்பரத்துக்குள் இவ்வளவையும் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய படம் அதைத் தாங்கவில்லை என்பது வேறு விஷயம். கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து 1972-இல் மராட்டியத்தில் நம் தோழர்கள் சிறுத்தைகள் ஆனார்கள். கறுப்பு இலக்கியத்தைப் படித்து எழுத வந்தவர்கள் நம்மில் நிறைய. ஒரு ஜப்பானியக் கார்ட்டூனுக்குத் தெரிந்த பிக்கரை நம் படக் கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. பி.யு.-ஜே.இசட்.-1 கூட எண்ணிலிருந்து பேராக மாறினதுதான். ஆனால் அந்த எண் எந்த நாவலுக்கும் போகவில்லை, கொஞ்சலாக முடிந்துபோனது.

2017-இன் 'பிளாக் அவுட் 2022' பற்றியும் சொல்ல வேண்டும். 'பிளேட் ரன்னர்' இரண்டாம் படத்துக்கு முன்னோட்டமாக ஷினிச்சிரோ வத்தனாபே செய்தது. அதில் மனிதரைப் போலவே செய்யப்பட்ட அடிமைகள் இருக்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பதிவேட்டைப் பார்த்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடித்து அடித்துக் கொல்கிறார்கள். அடிமைகள் சேர்ந்து அந்தப் பதிவேட்டை அழிக்கிறார்கள். நகரம் முழுக்க விளக்கு அணைகிறது.

புதுச்சேரிக்காரனுக்கு இது சட்டென்று புரியும். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி வழக்கத்தையும் தனிச் சட்டத்தையும் துறப்பதாக எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போகலாம் என்று வந்தது. புதிதாகக் குடும்பப் பேர் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நின்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' என்று எடுத்தார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் கணிசம். அப்படிப் போனவர்கள் வாரிசுகள் சொல்தாவாகப் போய், பென்ஷன் வாங்கி, மாடி கட்டினார்கள். மாடி கட்டினதும், அவர்கள் பழைய பேர் என்ன தெரியுமா என்று திண்ணைகளில் பேசிக்கொண்டார்கள். பதிவேட்டில் பேர் மாறியது, ஊர் வாயில் மாறவில்லை. விளக்கை அணைத்தால் மட்டும் போதாது என்பது வத்தனாபேவுக்குத் தெரியாமல் இருக்கலாம். திண்ணைக்கு மின்சாரம் தேவையில்லை.

அதனால்தான் நம் முன்னோடிகள் முன்கதையைத் துறக்கச் சொல்லவில்லை, திருப்பி எழுதச் சொன்னார்கள். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னன் என்று எழுதினார். அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதவர்கள் யார், ஏன் அப்படி ஆனார்கள் என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதி, அதை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் மூவருக்கும் சமர்ப்பித்தார். ஆராய்ச்சியாளர்கள் ஆதாரம் போதுமா என்று வாதாடட்டும். நந்தனை மன்னனாக்குவதும் உயர்பிறப்பு தேடுவதுதானே என்று என்னிடம் வாதாடினவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மைதான். ஆனால் கர்ணனுக்கு உயர்பிறப்பு கொடுத்தவர்கள் அவனை மட்டும் தனியே பிரித்துக்கொண்டு போனார்கள். தேரோட்டிகள் தேரோட்டிகளாகவே இருந்தார்கள். பண்டிதர் ஒரு ஆளைப் பிரிக்கவில்லை, சேரி முழுசையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வித்தியாசம் சின்னதில்லை.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டுமே என்பார்கள். பெரிய படத்துக்கு வேண்டும். கால் மணி நேரப் பொம்மைப் படத்துக்கு அவ்வளவு வேண்டாம். எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாண பேனருக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகம் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லி வைத்திருக்கிற கதை அதிரதன் கதை. குதிரைக்குக் கொள்ளு வைத்துவிட்டு, அச்சாணிக்கு எண்ணெய் போட்டுவிட்டு, விடிகாலையில் ஆற்றுக்குப் போகிறான். ஒரு பெட்டி மிதந்து வருகிறது. ராதை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுக்கிறாள். பிள்ளை அழுகிறது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சூரியனுக்கு மூஞ்சி வரைய வேண்டாம், அது பாட்டுக்கு மேலே வெயிலாக இருக்கட்டும் என்று சொன்னேன். குதிரை வரைவதுதான் கஷ்டம் என்றார்கள்.